கரமனைக் கொட்டகையில் நின்ற அமெரிக்க வண்டி

குப்புசாமி அண்ணன் காரின் முன்மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

“அம்மிணி, ஏமாத்திப் போட்டாங்க. உள்ள எஞ்சினையே காணோம்.”

கொட்டகை வாசலில் நின்ற பெரியவர் சிரித்தார். “பொறகால போயிப் பாருங்க” என்று காரின் பின்பக்கத்தைக் காட்டினார்.

நான் அண்ணனைப் பின்னால் அழைத்துப்போய் மூடியைத் திறந்தேன். தட்டையாகப் படுத்துக் கிடக்கும் ஆறு சிலிண்டர்கள். அவற்றின்மேல் தாம்பாளம் அகலத்துக்கு ஒரு விசிறி. ரேடியேட்டர் கிடையாது, காற்றிலேயே சூடு தணியும் எஞ்சின். பெட்டி படுக்கை வைப்பதெல்லாம் முன்னால். அண்ணன் இரண்டு பக்கமும் நடந்து நடந்து பார்த்தார்.

“அமெரிக்காக்காரனுக்கு முன்ன எது, பின்ன எதுன்னே தெரியாதாட்ட இருக்குது.”

இந்த வண்டியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பெயரைச் சொன்னால் இதைத் தெய்வமாகக் கும்பிடுகிறவர்கள் ஒரு பக்கமும் பிசாசு என்கிறவர்கள் ஒரு பக்கமும் சண்டைக்கு வருவார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செய்த சின்னக் கார், எஞ்சின் பின்னால் இருக்கும், அவ்வளவு போதும்.

நான் சுமதி. கோயம்புத்தூர் கணபதியில் எஞ்சின் போரிங் பட்டறை நடத்துகிறேன். ஒன்பது வருடத்துக்கு முன் குன்னூரில் ஒரு பங்களாவின் பின்புறம், சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த நிலையில், இதே மாதிரி ஒரு காரைக் கண்டு வாங்கி வந்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதற்கே போனது. எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டது. கியர்பெட்டியின் கூடு மட்டும் விரிசல் விட்டிருந்தது. அந்தக் கூடு எந்தக் கடையிலும் கிடைக்காது. அதே வண்டி இன்னொன்று கிடைத்தால்தான் உண்டு.

பழைய கார் பிரியர்களின் வாட்ஸாப் குழுவில் ஒருநாள் படம் வந்தது. ஓலைக் கொட்டகைக்குள் வெளிறிய நீலத்தில் அந்த வட்ட விளக்குகள். கீழே ஒரு வரி: “ஃபிளாட்டுக்கு மாறுகிறோம். வேண்டியவர்கள் அழைக்கவும். வடிவு, கரமனை, திருவனந்தபுரம்.” அன்றைக்கே அழைத்து எல்லாம் பேசி முடித்தேன். ஓட்டுவதற்காக வாங்கவில்லை, பிரிப்பதற்காக வாங்குகிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

குப்புசாமி அண்ணனின் லாரி, பழுதான வண்டிகளை ஏற்றிப் போகும் தட்டை லாரி. கோயம்புத்தூரில் கிளம்பும்போது வெயில். பாலக்காடு தாண்டியதும் பிடித்த மழை, திருவனந்தபுரம் வரை கூடவே வந்தது. வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இளஞ்சிவப்பாக ஒரு சுடுதண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார்கள். அண்ணன் அதைக் கைகழுவக் கொடுத்த தண்ணீர் என்று நினைத்து ஜன்னலுக்கு வெளியே விரல்களை நீட்டி ஊற்றிக்கொண்டார். பக்கத்து மேசைக்காரர் மலையாளத்தில் தன் மனைவியிடம், “தமிழ்நாட்டில் குடிக்கிற தண்ணீருக்கு அவ்வளவு பஞ்சம், இவர் இங்கே வந்து குடிக்கிற தண்ணீரில் கை கழுவுகிறார் பார்” என்றார். எனக்குப் புரிந்தது. அண்ணனுக்குச் சொல்லவில்லை.

கரமனையில் வீட்டைக் கண்டுபிடித்தபோது மதியம். பெரியவர் பெயர் சிவதாணு. எண்பது வயது. பூர்வீகம் நாகர்கோவில் பக்கம், ஆனால் பிழைப்பெல்லாம் இந்தப் பக்கம். போனக்காட்டில் தேயிலை எஸ்டேட் ஒன்றில் பதினெட்டு வருடம் கணக்கராக இருந்தவர். எஸ்டேட்டின் மேனேஜர் வேலையை விட்டுப் போகும்போது இந்தக் காரை இவரிடம் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். மகள் வடிவு அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீஸர். பேச்சு வாக்கில் வயதைக் கேட்டுக்கொண்டோம். என் வயதுதான், நாற்பத்தேழு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதை அவளே இரண்டு வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டாள்.

சாப்பிட வைத்துத்தான் கொட்டகையைத் திறந்தார்கள். சிவப்பரிசிச் சோறு, சின்ன வெங்காயத் தீயல், அவியல், பப்படம். எங்கள் ஊரில் விருந்தாளி வந்தால் அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கி நெய்யை ஊற்றி விடுவோம். இங்கே தேங்காயைக் கருக வறுத்து அரைத்த தீயலின் வாசம் கையை விட்டுப் போக அன்று சாயங்காலம் ஆனது.

காரில் தூசி இல்லை. இதுதான் முதலில் எனக்கு விசித்திரமாகப் பட்டது. டயர்கள் பொடிந்து தரையோடு கிடக்க, கண்ணாடிகள் பளபளவென்று இருந்தன. வலது பக்கம் முழுவதும் நசுங்கியிருந்தது. இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள வண்டி என்பதால் வலது முன்சீட் என்பது பக்கத்தில் உட்காருகிறவருக்கானது. அந்தக் கதவைக் கயிற்றுப் பிரியால் கட்டி வைத்திருந்தார்கள்.

நான் சாக்கை விரித்துக் கீழே படுத்து டார்ச் அடித்தேன். கியர்பெட்டியின் கூடு ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. ஒன்பது வருடம் தேடியது. சந்தோஷம் முகத்தில் தெரியக்கூடாதே என்று இன்னும் கொஞ்ச நேரம் கீழேயே படுத்திருந்தேன்.

எழுந்து வந்ததும் சிவதாணு கேட்டார்: “ஓட்டுவேளா இத?”

எண்பது வயதுக்காரர் வாரம் தவறாமல் துடைத்து வைத்த வண்டி. பொய் சொல்ல வாய் வரவில்லை. “இல்லீங்க ஐயா. பிரிச்சு, இதுல இருக்கற கியர்பெட்டியை எடுத்து என்ற வண்டில போடலாம்னு இருக்கேனுங்க.”

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார். “நல்லதாப் போச்சு. இது இனி ரோட்டில ஓடப்பிடாது.” பிறகு சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, “எனக்கு நீங்க ஒரு உபகாரம் செய்யணும்” என்றார்.

“சொல்லுங்க.”

“நாளைக்குப் போனக்காட்டுக்கு என்கூட வரணும். அங்க ஒரு வளைவு இருக்கு. இந்த வண்டியை அக்குவேறா ஆணிவேறா அறிஞ்ச ஒரு ஆளு அதப் பாத்துச் சொல்லணும். இத்தன காலமா அப்படி ஒரு ஆளு எனக்குக் கெடைக்கல்ல.”

“அப்பா, வேண்டாம்” என்றாள் வடிவு.

“என்னத்தச் சொல்லோணுங்க ஐயா?”

“ராஜத்த நான் கொன்னேனா இல்லியான்னு.”

ராஜம் அவர் மனைவி. முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் அந்த வலது முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவர். பின்சீட்டில் ஒன்பது வயது வடிவு. இதை வடிவுதான் பிறகு என்னை வாசல்வரை கொண்டுவிட்டபோது சொன்னாள். சொல்லும்போது அலுவலகக் கோப்பு ஒன்றை வாசிப்பது போலிருந்தது குரல்.

மறுநாள் காலை வாடகைக் காரில் மூன்று பேரும் கிளம்பினோம். குப்புசாமி அண்ணன் லாரியோடு இருந்துகொண்டார். நெடுமங்காடு, விதுரை. ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்கும் இடமே தெரியவில்லை. எங்கள் பக்கம் ஊருக்கும் ஊருக்கும் நடுவே பொட்டல் இருக்கும், மூச்சு விட்டுக்கொள்ளலாம். இங்கே வீடு, ரப்பர், வீடு, வாழை, மறுபடி வீடு. சிவதாணு முன்சீட்டில் வேட்டியை முழங்காலில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் வலது கால் தரையை மிதித்தது. அங்கே பிரேக் கிடையாது.

போனக்காட்டுக்குப் பிரியும் சாலையில் வனத்துறை செக்போஸ்ட் இருந்தது. காவலர் குறுக்குக் கம்பியைத் தூக்கவில்லை. மேலே மண் சரிந்து மரம் விழுந்து கிடக்கிறது, இன்றைக்கு யாரையும் விட முடியாது என்றார் மலையாளத்தில். சிவதாணு இறங்கிப்போய்த் தான் அங்கே பதினெட்டு வருடம் இருந்தவன் என்றார். அந்தக் காவலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார். “அப்பூப்பா, நான் விட்டாலும் மரம் விடாதே” என்று அவர் பணிவாகவே சொன்னார். அப்பூப்பா என்றால் தாத்தா.

செக்போஸ்ட் ஓரத்தில் பஸ்ஸுக்காகக் காத்திருந்த எஸ்டேட் பெண்ணொருத்தி, குடையை மடக்கிக்கொண்டே தமிழில் சொன்னாள்: “மேல என்ன இருக்கு ஐயா பாக்க? ஃபாக்டரி இடிஞ்சு கெடக்கு. அந்தக் கொண்டை வளைவு மட்டும் அப்படியே இருக்கு. வருசத்துக்கு ஒரு வண்டியாவது அதுல போய் விழுந்துரும்.”

சிவதாணு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அப்படியே வீட்டுக்குத் திரும்ப அவருக்கு மனமில்லை. பொன்முடி மலைக்குப் போகும் வழியில் அடிவாரத்தில் கல்லாறு இருக்கிறது, அங்கேயாவது போய்க் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்றார்.

கல்லாற்றில் மழை விட்டிருந்தது. பாறைகளுக்கு நடுவே ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. சுற்றுலா வந்த குடும்பம் ஒன்று தண்ணீரில் இறங்க வேண்டாம் என்ற பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது. சின்னக் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். எனக்கும் டிரைவருக்கும் கப்பக்கிழங்கும் மீன்குழம்பும். சைவக்காரரான பெரியவருக்குப் பால் விடாத கட்டஞ்சாயாவும், ஏத்தன்பழ அப்பம் என்கிற நேந்திரம்பழ பஜ்ஜியும். வடிவு எதுவும் வேண்டாம் என்று குடையை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய் நின்றாள்.

சிவதாணு சாயாவில் விரலை நனைத்து மேசைமேல் ஒரு வளைவு வரைந்தார்.

“இது மல. இது பள்ளம். நாங்க மேலேருந்து வருகோம். நாகர்கோவில்ல ராஜத்துக்க தம்பி கல்யாணம். வீட்டிலேயே எனக்கும் அவளுக்கும் வழக்கு. நேரமாச்சு நேரமாச்சுன்னு அவ. நீதானே தலைசீவி முடிக்கல்லன்னு நான். வண்டியில ஏறின பொறவு ஒரு வார்த்த பேசல்ல. அந்தக் கோவம் என் கால்ல இருந்தோ என்னவோ. மழ வேற. இந்தா, இந்த இடத்தில வண்டிக்க பின்பக்கம் வெளிய போச்சு. என்னமோ ஆரோ பொறகால பிடிச்சு இழுத்தது மாதிரி. வண்டி ஒரு சுத்து சுத்திக் கல்லுச் சுவர்ல இடிச்சுச் சரிஞ்சுது. கதவு தொறந்து போச்சு.”

அவர் வரைந்த கோடு காய்ந்துகொண்டிருந்தது. மறுபடி விரலை நனைத்து வரைந்தார்.

“எத்தன வேகம்னு எனக்கு ஓர்மை இல்ல. முப்பதா, நாப்பதா? அதுதான் எனக்கு அறியணும். வேகத்தினால போச்சுன்னா நான்தான் கொன்னேன்.”

“பிரேக், டயரெல்லாம் அன்னிக்கு நல்லா இருந்துச்சுங்களா?” என்று கேட்டேன். பட்டறையில் எவர் வந்தாலும் கேட்கிற கேள்வி. கேட்காமல் இருந்திருக்கலாம்.

“அதில ஒரு கொறையும் கெடையாது.” அவர் முகத்தில் அன்று முதல்முறையாகக் கொஞ்சம் தெளிவு வந்தது. “எஸ்டேட் டிரைவர் ஒருத்தன் உண்டு, வண்டிய பாத்துக்கிடுகது அவன்தான். அவன் எப்பவும் முன் டயர்ல காத்து கொறச்சுத்தான் வைப்பான். மடியன், சோம்பேறின்னு நெனச்சுக்கிடுவேன். அன்னைக்கு அவன் லீவு. காலையில நான் பாக்கச்சில முன்னால ரெண்டு டயரும் சப்பிப் போயிக் கெடக்கு. நானே கால்பம்பு வச்சு அடிச்சு நாலையும் ஒண்ணுபோல சமமா ஆக்கினேன். வண்டியத் தூக்கி நிறுத்தினப்பவும் நாலும் கல்லு மாதிரி இருந்துது, கேட்டேளா? அந்தப் பழி மட்டும் எனக்கு இல்ல.”

மீன்முள் ஒன்று என் விரலில் குத்தியது. அதைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

இந்த வண்டியின் கையேடு என் பட்டறையில் இருக்கிறது. எனக்கு அது மனப்பாடம். பாரமெல்லாம் பின்னால் இருப்பதால், பின் டயருக்குக் காற்று இருபத்தாறு பவுண்டு, முன் டயருக்குப் பதினைந்து. முன்னால் காற்றுக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். நான்கையும் ஒன்றுபோல் வைத்தால் வளைவில் முன்சக்கரம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் வெளியே தள்ளும். ஆரோ பொறகால பிடிச்சு இழுத்தது மாதிரி. அந்த டிரைவர் மடியன் இல்லை.

பெரியவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வருடமாகத் தன் வேகத்தையும் கோபத்தையும் சந்தேகித்தவர், தான் அன்று சரியாகச் செய்ததாக நம்பிய ஒரே காரியத்தை என்முன் எடுத்து வைத்திருந்தார்.

“இல்லீங்க ஐயா” என்றேன். “வேகமெல்லாம் இல்ல. மழையில அந்த வளைவுல எந்த வண்டியா இருந்தாலும் போயிருக்கும். செக்போஸ்ட்டுல அந்தம்மா சொன்னாங்கல்லங்க.”

“எந்த வண்டியும்?”

“எந்த வண்டியும்.”

அவர் ஆறிப்போன சாயாவை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு கடைக்காரரிடம் இன்னொரு ஏத்தன்பழ அப்பம் கேட்டு வாங்கி, நுனிவரை மென்று தின்றார். திரும்பும் வழியில் நெடுமங்காடு வருவதற்குள் தூங்கிவிட்டார். கால் தரையை மிதிக்கவில்லை. வடிவு அதைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

பொய் சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை. அன்று ராத்திரி நன்றாகவே தூங்கினேன். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் விடியும்போதே காரை ஏற்றத் தொடங்கினோம். ஊருக்குள் நெரிசல் கூடும் முன் வெளியேறிவிட வேண்டும் என்று அண்ணன் அவசரப்படுத்தினார். நான் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுபோயிருந்த நான்கு பழைய டயர்களைப் பொடிந்தவற்றுக்குப் பதில் மாட்டினோம். அண்ணன் லாரியிலிருந்து காற்றுக் குழாயை இழுத்து வரப் போனார். அதற்குள் சிவதாணு வீட்டுக்குள்ளிருந்து கால்பம்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதே பம்பு.

“நான் அடிக்கேன். கடைசியா ஒரு தடவ.”

முன் டயரில் பத்து மிதி மிதித்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது. நின்று, மறுபடி மிதித்தார். வடிவு ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தாள்.

“மதி அப்பா, போதும். நான் அடிக்கேன்.”

“நீ மத்த மூணும் அடி. இது நான் முடிக்கேன். நாலும் சமமா இருக்கணும், மக்ளே.”

“ஷரி அப்பா.”

நான் சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொண்டிருந்தேன். லாரியில் ஏற்ற எத்தனை காற்று இருந்தாலும் போதும். கொட்டகையை விட்டு வெளிச்சத்துக்கு வந்தபோது கார் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. சங்கிலி போட்டுக் கட்டினோம். சிவதாணு காரைத் தொடவில்லை. அது நின்ற இடத்தில் தரையில் கறுப்பாகப் படிந்திருந்த எண்ணெய்க் கறையைச் செருப்புக் காலால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பழவங்காடியில பிள்ளையாருக்கு ஒரு தேங்கா ஒடச்சிட்டுப் போகச் சொல்லு” என்றார் மகளிடம். “நீயும் கூடப் போய் ஒடச்சிட்டு பஸ்ஸில வா.”

லாரியின் முன்பக்கத்தில் மூன்று பேர். ஓட்டுகிறவர் அண்ணன், நடுவில் நான், ஜன்னலோரம் மடியில் தேங்காயோடு வடிவு. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கரமனைப் பாலம் தாண்டியதும் அவள் பேசினாள்.

“அப்பா உங்கட்ட கேட்டாரு அல்லே, நான் கொன்னேனான்னு. நீங்க இல்லன்னு சொன்னீங்க.”

“ஆமாங்க.”

“அது ஷரிதான். அப்பா இல்ல.” தேங்காயின் நார்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். “நானாக்கும்.”

அண்ணன் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சாலையைப் பார்த்தார்.

“கல்யாணத்துக்குப் பொறப்படுறதுக்குத் தலேநாள் சாயங்காலம் சும்மா வெறுதே விளையாடிட்டு இருந்தேன். டயர் வால்வுல ஆணி வச்சு அமுக்கினா ஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும். அது கேக்க எனக்கு வலிய இஷ்டம். ரெண்டு டயர்லயும் காத்து முக்காலும் போயிருச்சு. காலைல அப்பா பாத்தாரு. ஆருன்னு கேக்கவே இல்ல. பம்பு எடுத்து அடிச்சாரு. நானும் சொல்லல. ஆணி வச்சதுல வால்வு கெட்டுப்போயிருக்கும், அப்பா அடிச்ச காத்து வழியில எறங்கியிருக்கும். அதான் வண்டி சறுக்குச்சு. அம்மாவை வெளிய கிடத்தியிருந்தப்பவே எனக்கு அது தெரியும். இன்னிக்கு வரைக்கும் ஆர்ட்டயும் பறைஞ்சது இல்ல. அப்பா ஒவ்வொரு ஞாயிறும் அந்த வண்டியைத் தொடைக்கும்போது நான் அடுக்களைல நிப்பேன்.”

“எந்த டயருங்க வடிவு? முன்னாடியா பின்னாடியா?”

“முன்னாடி. ரெண்டும்.”

எனக்குள் ஏதோ துள்ளியது. ஒன்பது வயதிலிருந்து ஒருத்தி சுமந்த பாறையை, நான் இரண்டு வாக்கியத்தில் இறக்கிவிட முடியும் என்கிற அவசரம். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“வால்வு கெடலைங்க. நேத்து உங்கப்பா சொன்னாரு, வண்டியைத் தூக்கி நிறுத்தினப்ப நாலு டயரும் கல்லாட்ட இருந்துச்சாம். இன்னொண்ணு கேளுங்க. இந்த வண்டிக்கு முன்னாடி காத்து கம்மியாத்தான் இருக்கோணும். பாரம் பூராம் பின்னாடியல்லங்க? பின்னாடி இருபத்தாறுன்னா முன்னாடி வெறும் பதினஞ்சு. வண்டியோட புஸ்தகத்துலயே போட்டிருக்குது. நீங்க முன்னாடி காத்தை எறக்கினதுல ஒரு தப்பும் இல்லீங்க. ஒரு தப்பும் இல்ல.”

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

வடிவு கையை விடுவித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியில் தண்ணீரை வழித்துக்கொண்டிருந்த வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கரின் மகள். அதிக நேரம் ஆகவில்லை.

“அப்போ அப்பா அடிச்சது?”

நான் அவள் மடியிலிருந்த தேங்காயைப் பார்த்தேன்.

“நாலும் சமமா இருந்தா என்ன ஆகும்?”

“மழை, வளைவு, கதவு தொறந்துக்கிட்டது, எல்லாம் இருக்குதுங்க. டயர்தான் காரணம்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது.”

“சுமதி, நான் கேட்டது அது இல்ல.”

“வளைவுல பின்பக்கம் வெளிய தள்ளும்.”

“இது உங்களுக்கு நேத்து கல்லாத்துலயே தெரியும்.”

“தெரியும்.”

அவள் மெதுவாக, தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னாள்: “நான் காத்தை எறக்காம இருந்திருந்தா அப்பா பம்பை எடுத்திருக்கவே மாட்டாரு.”

அந்தக் கணக்கை நான் போட்டிருக்கவில்லை. வண்டிகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அத்தனையும் சேர்த்தாலும் அதற்கு ஒரு பதில் இல்லை.

பழவங்காடியில் அந்த நேரத்திலேயே கூட்டம். மாலை போட்டவர்கள், அலுவலகம் போகிறவர்கள், பூக்கடைகள். அண்ணன் லாரியை ஓரம் கட்டினார். பிள்ளையார் முன்னால் தேங்காய்கள் சிதறும் சத்தம் சாலைவரை கேட்டது. எங்கள் ஊர் ஈச்சனாரியிலும் உடைப்பார்கள், ஆனால் இங்கே ஓய்வே இல்லை. ஒன்று சிதறி அடங்கும்முன் அடுத்தது. வடிவு சேலை நுனியைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். ஓங்கி அடித்தாள். அவ்வளவு பலமாக அவள் எதையும் செய்து நான் பார்த்திருக்கவில்லை. சில்லுகள் சுவர்வரை தெறித்தன.

வெளியே வந்தபோது முகம் நனைந்திருந்தது. மழையும் பெய்துகொண்டிருந்தது. நான் அவளுக்கு முன்னால் போய் நின்றேன்.

“நான் வாயை மூடிட்டு இருந்திருக்கோணுங்க, வடிவு.”

“வேண்டாம். இத்தன வருஷம் நான் ஒத்தைக்கு நின்னேன்.” அவள் லாரிமேல் சங்கிலியில் கட்டுண்டிருந்த நீல வண்டியைப் பார்த்தாள். “ரெண்டு பேரும் ஒரே வீட்ல, ஒரே மேசைல சாப்ட்டோம். ரெண்டு பேர்ட்டயும் இதே நெனப்பு இருந்திருக்கு. ஒரு நாளாவது ஒருத்தர் வாயைத் திறந்திருந்தா...”

“ஐயாகிட்டச் சொல்லப் போறீங்களா?”

அவள் பதில் சொல்வதற்குள் கைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். அப்பா. தெரு இரைச்சலில் கேட்காது என்று சத்தத்தைக் கூட்டி வைத்தாள். எனக்கும் கேட்டது.

“தேங்கா ஒடச்சாச்சா மக்ளே?”

“ஒடச்சாச்சு அப்பா.”

“வண்டிக்கு ஒண்ணும் இல்லியே? டயரெல்லாம் நிக்குதா? காத்து எறங்கல்லியே?”

வடிவு லாரியின் பக்கம் திரும்பினாள். முன் டயரை, பின் டயரை, நின்று நிதானமாகப் பார்த்தாள். கோயிலுக்குள் ஒரு தேங்காய் உடைந்தது.

“இல்ல அப்பா” என்றாள். “நாலும் நல்லா நிக்குது. நீங்க அடிச்சதுல ஒரு தப்பும் இல்ல.”